புள்ளி போடாத வினாத்தாள்: இணையவழிக் கற்றலில் சுயகணிப்பீடு

2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர்தான் இணையவழிக் கல்வி நம்மில் பெரும்பாலானோரின் வீடுகளுக்குள் நுழைந்தது. கொவிட் ஓய்ந்து பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பிய பிறகும் அது விடைபெற்றுப் போகவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மீண்டும் அதையே நாடினோம். இன்று டியூஷன் வகுப்பும், பேப்பர் கிளாஸும், பரீட்சைக் காலக் கருத்தரங்கும் ஸூமில் நடப்பது சாதாரண விடயமாகிவிட்டது. பட்டப்பின் படிப்புக்களிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும்கூட ஒரு பகுதி திரையில்தான் நடக்கிறது.

இந்த மாற்றத்தில் ஆசிரியர் இழந்தவற்றுள் முதன்மையானது மாணவரின் முகம். வகுப்பறையில் ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்பதை அது வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. புருவம் சொல்லும், பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்க்கும் கண் சொல்லும். திரையில் நாம் காண்பது பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்களை மட்டுமே. “விளங்கிச்சா?” என்று கேட்டால், “ஓம் சேர்” என்று நாலைந்து குரல்கள் வரும். மற்ற முப்பது பேர் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. அந்த முப்பது பேரில் பலருக்குத் தமது நிலை தமக்கே தெரியாது என்பதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். தனியே இருந்து கற்கும் ஒருவர் தமக்கு விளங்கியதையும் விளங்காததையும் தாமே கண்டுகொள்ள வழி வேண்டும். சுயகணிப்பீட்டு வினாக்கள் அதற்கான எளிய கருவி. அவற்றை எப்படி ஆக்குவது, எப்படிப் பயன்படுத்துவது, எங்கே அவை கைவிடும் என்பவற்றை ஒரு தமிழாசிரியரின் நிலையில் நின்று இக்கட்டுரை நோக்குகிறது.

பரீட்சையும் சுயகணிப்பீடும்

நமது கல்வி முறையில் வினா என்றாலே பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது. தவணைப் பரீட்சை, புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என எல்லாமே பிறர் நம்மை அளப்பவை. பாடம் முடிந்த பிறகு நடப்பவை, புள்ளி தருபவை, பிள்ளைகளைத் தரம் பிரிப்பவை. அவற்றுக்கும் ஒரு தேவை உண்டு. ஆனால் பரீட்சையில் விட்ட பிழையைத் திருத்திக்கொள்ளப் பெரும்பாலும் நேரம் கிடைப்பதில்லை. பெறுபேறு வரும்போது பாடம் கடந்து போயிருக்கும்.

சுயகணிப்பீட்டு வினாவைக் கேட்பது ஆசிரியராக இருந்தாலும், விடையால் பயன்பெற வேண்டியவர் மாணவர். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, திருத்த நேரம் இருக்கும்போதே அது கேட்கப்படுகிறது. அதற்குப் புள்ளி இல்லை. அல்லது புள்ளி இருந்தாலும் அது மாணவரைத் தவிர வேறு எவருக்கும் உரியதல்ல. நமது பாடசாலைகளில் நடைமுறையிலுள்ள பாடசாலை மட்டக் கணிப்பீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் கிடைக்கும் பெறுபேறு பதிவேட்டுக்குப் போகிறது. சுயகணிப்பீட்டின் பெறுபேறு பிள்ளையின் கொப்பியோடு நின்றுவிடுகிறது.

புதிதல்ல இந்த வழி

கணினியோடு வந்த புதுமையாக இதைச் சிலர் எண்ணுகிறார்கள். 1920களிலேயே அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்னி பிரெஸ்ஸி ஒரு சிறு இயந்திரத்தை ஆக்கினார். பல்தேர்வு வினா ஒன்று தோன்றும். மாணவர் நான்கு சாவிகளில் ஒன்றை அழுத்துவார். சரியான சாவியை அழுத்தும் வரை அடுத்த வினாவுக்கு நகராதபடியும் அதை அமைக்க முடிந்தது. 1950களின் பிற்பகுதியில் நோமன் குரோடர் என்பவர் இதே எண்ணத்தைப் புத்தகமாக்கினார். ஒரு பக்கத்தில் விளக்கமும் வினாவும் இருக்கும். நீங்கள் தெரிவுசெய்யும் விடை உங்களை வேறொரு பக்கத்துக்கு அனுப்பும். பிழையான விடைக்குரிய பக்கத்துக்குப் போனால், ஏன் பிழை என்ற விளக்கம் அங்கே காத்திருக்கும்.

தொலைக்கல்வி இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் தனது முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது, அவர்களில் பலர் பகலில் வேலை செய்து இரவில் தனியே படிப்பவர்கள். எனவே பாடநூல்களின் இடையிடையே சுயகணிப்பீட்டு வினாக்கள் வைக்கப்பட்டன. இறுதியில் விடைகளும் விளக்கங்களும் தரப்பட்டன. நம் நாட்டில் 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பாட நூல்களைப் படித்தவர்களுக்கும் இந்த அமைப்பு பழக்கமானதே.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் ஹிப்ழு மத்ரஸா. அங்கே ஒரு பிள்ளை பாடத்தை எத்தனை தடவை பார்த்து ஓதினான் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. முஸ்ஹபை மூடிவிட்டு ஓதிக் காட்ட வேண்டும். உஸ்தாதிடம் போகுமுன் பக்கத்தில் இருக்கும் தோழனிடம் ஓதிப் பார்ப்பான். தடுமாறும் இடம் அங்கேயே தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் மறுபடி பார்ப்பான். புதிய பாடத்தோடு பழைய பாடத்தையும் நாள்தோறும் மீட்ட வேண்டும். மூடிவைத்து நினைவுகூர்தல், பிழையை உடனே அறிதல், இடைவெளி விட்டு மீட்டல் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. சுயகணிப்பீட்டு வினாவின் அடிப்படையும் இவை மூன்றுதான்.

வாசித்தலும் மீட்டலும்

மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டால், திரும்பத் திரும்ப வாசிப்பதாகவே அதிகமானோர் சொல்வர். இணையவழியில் இது காணொளியைத் திரும்பப் பார்ப்பதாக மாறியிருக்கிறது. மூன்றாம் தடவை பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வு நம்பத்தக்கதா?

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகள் கொடுக்கப்பட்டன. சில பகுதிகளை அவர்கள் இரண்டு தடவை வாசித்தார்கள். வேறு சில பகுதிகளை ஒரு தடவை வாசித்துவிட்டு, நினைவில் இருப்பதைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு தடவை வாசித்ததில் 81 வீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்ததில் 75 வீதம். வாசிப்பே வென்றது. ஆனால் இரண்டு நாள் கழித்து இந்நிலை தலைகீழானது: வாசித்தது 54, எழுதிப் பார்த்தது 68. ஒரு வாரத்தின் பின் 42க்கு 56. அவர்கள் எழுதிப் பார்த்தபோது எவரும் திருத்திக் கொடுக்கவும் இல்லை. நினைவிலிருந்து வெளியே எடுத்த முயற்சியே அந்த வித்தியாசத்தைத் தந்தது.

பரீட்சைக்கு முதல்நாள் இரவு புரட்டிப் பார்ப்பவர் காலையில் நம்பிக்கையோடு போவதும், அடுத்த தவணையில் அதே பாடம் அந்நியமாகத் தெரிவதும் இதனால்தான். எனவே சுயகணிப்பீட்டு வினா அளக்கும் கருவி மட்டுமன்று. அதைச் செய்வதே ஒரு கற்றல் செயற்பாடு எனலாம்.

வினா எங்கிருந்து வருகிறது

இணையத்தில் ஆயத்த வினாக்கள் ஏராளம். கடந்தகால வினாத்தாள்களும் உண்டு. அவை பரீட்சைப் பழக்கத்துக்கு உதவும். ஆனால் சுயகணிப்பீட்டு வினாவுக்குச் சிறந்த ஊற்று மாணவரின் கொப்பிதான். பிள்ளைகள் உண்மையில் விடும் பிழைகள் அங்கேதான் இருக்கின்றன.

ஓர் உதாரணம். வல்லினம் மிகும் இடங்களைப் படிப்பித்த பிறகு, “படித்துப் பார்த்தான்” என்று சரியாக எழுதும் பிள்ளை, “வந்துப் பார்த்தான்” என்றும் எழுதுவதுண்டு. இதைக் கவனயீனம் என்று சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் போகலாம். உற்று நோக்கினால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்தப் பிள்ளை “வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும்” என்று ஒரு விதியை உருவாக்கி, அதற்கு விசுவாசமாக நடக்கிறது. விதி பாதி சரி. வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்தின் பின்தான் மிகும். மென்தொடரிலும் இடைத்தொடரிலும் மிகாது என்ற மறுபாதி அதனிடம் வந்து சேரவில்லை. இந்தப் பாதி விதியை வெளியே கொண்டுவரும்படி வினாவை அமைக்க வேண்டும்:

பின்வருவனவற்றுள் பிழையாக எழுதப்பட்ட தொடர் எது?
1. படித்துப் பார்த்தான்
2. வந்துப் பார்த்தான்
3. கேட்டுப் பார்த்தான்
4. தேடிப் பார்த்தான்

பாதி விதியோடு இருக்கும் பிள்ளைக்கு நான்கும் சரியாகவே தெரியும். எதைத் தெரிவதென்று திணறும்போதே தன்னிடம் ஏதோ குறைகிறது என்பது அதற்கு விளங்கிவிடும்.

எழுத்துப் பிழைகளும் இப்படித்தான். நமது பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் வழி, வளி, வலி மூன்றையும் காதை நம்பி எழுதும் பிள்ளை தடுமாறும். “காற்றைக் குறிக்கும் சொல் எது?” என்று கேட்டு இம்மூன்றையும் கொடுத்தால், வழி என்று தெரிவுசெய்பவர் ழகர ளகர மயக்கத்தில் இருக்கிறார் என்பது தெரியும். வலி என்று தெரிவுசெய்பவரின் சிக்கல் வேறு. ‘வளிமண்டலம்’ என்ற விஞ்ஞானப் பாடச் சொல்லை நினைவூட்டினால் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பிழையான தெரிவுகளை ஏனோதானோவென்று போடுவது வினாவைக் கெடுத்துவிடும். சீறாப்புராணத்தின் ஆசிரியர் யார் என்று கேட்டு, உமறுப்புலவரோடு ஷேக்ஸ்பியரையும் நியூட்டனையும் வைத்தால் பாடம் படிக்காத பிள்ளையும் சரியாகச் சொல்லும். பக்கத்தில் இராஜநாயகம் பாடிய வண்ணக்களஞ்சியப் புலவரையும், குணங்குடி மஸ்தான் சாகிபையும் வைத்தால்தான் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிவர். ‘மேற்கூறிய அனைத்தும்’ என்ற தெரிவையும் தவிர்ப்பது நல்லது. கணினி தெரிவுகளின் வரிசையைக் கலைத்துப் போடும்போது அது முதலாவதாக வந்து நின்று சிரிப்பூட்டும்.

பிழையான விடைக்கு என்ன எழுதுவது

சுயகணிப்பீட்டின் உயிர் பின்னூட்டலில் இருக்கிறது. ஆசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். “பிழை. சரியான விடை 2” என்று திரையில் வந்தால், பிள்ளை இரண்டு என்ற இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளும், பாதி விதி அப்படியே இருக்கும்.

மேலே தந்த வினாவுக்கு நான் எழுதும் பின்னூட்டல் இப்படி இருக்கும். முதலாவதைத் தெரிந்தவருக்கு: “படித்து என்ற சொல்லில் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்கும் மெய் எது என்று பாருங்கள். த் என்பது வல்லினம். அப்படியானால் பின்னால் வல்லெழுத்து மிகும். எனவே இந்தத் தொடர் சரி. மற்ற மூன்றையும் இதே முறையில் பாருங்கள்.” மூன்றாவதைத் தெரிந்தவருக்கு: “கேட்டு என்பதில் முன்னால் நிற்பது ட். அது எந்த இனம்?” நான்காவதைத் தெரிந்தவருக்கு: “தேடி என்பது உகரத்தில் முடியவில்லை, இகரத்தில் முடிகிறது. இகர ஈற்று வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும்.” சரியான விடையைத் தெரிந்தவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் குருட்டாம்போக்கில் தொட்டிருக்கலாம்: “சரி. வந்து என்பதில் முன்னால் நிற்பது ந் என்ற மெல்லினம். இப்போது ‘செய்து பார்த்தான்’ என்பதில் வல்லினம் ஏன் மிகவில்லை என்று உங்கள் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்.”

விடையை முழுதாகச் சொல்லாமல், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவதே இதில் நான் கைக்கொள்ளும் முறை. இன்னொன்று, பின்னூட்டலின் மொழி. திரையில் வரும் எழுத்துக்குக் குரல் இல்லை. வகுப்பில் சிரித்துக்கொண்டே “என்ன புள்ள இது?” என்று கேட்டால் பிள்ளையும் சிரிக்கும். அதையே எழுத்தில் கண்டால் சுருண்டுவிடும்.

பத்தாம் தரத்தில் ஒரு மாணவி. ஸூம் வகுப்பில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இந்த வினாவைச் செய்த அன்றிரவு, வாப்பாவின் தொலைபேசி வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: “சேர், படித்து, வந்து ரெண்டும் ‘து’விலதானே முடியுது? பொறகு ஏன் ஒண்டுக்கு வருது, மத்ததுக்கு வராம போகுது? கடைசி எழுத்தப் பாக்காம அதுக்கு முன்னால உள்ளதையா பாக்கோணும்?” குற்றியலுகரத்தை ஏன் அதன் அயலெழுத்தைக் கொண்டு வகைப்படுத்தினார்கள் என்ற இலக்கணக் கேள்வியின் வாசலில் அவள் வந்து நிற்கிறாள். முப்பத்தைந்து பேர் முன்னால் ஒலிவாங்கியைத் திறந்து அவள் இதைக் கேட்டிருக்க மாட்டாள்.

உறுதியா, சந்தேகமா, ஊகமா

நான்கு தெரிவுகளுள்ள பத்து வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தாலும் சராசரியாக இரண்டு மூன்று சரியாகிவிடும். எனவே சரி பிழை மட்டும் பார்த்தால் ஒருவருக்குத் தம் நிலை முழுமையாகத் தெரியாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் உறுதி, சந்தேகம், ஊகம் என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்வது. கொப்பியில் உ, ச, ஊ என்று எழுதினாலே போதும்.

பிறகு மாணவர் தாமே பார்க்கலாம். ஊகித்துச் சரியானதைத் தெரிந்த பாடமாக எண்ணக் கூடாது. ஊகித்துப் பிழைத்தது இன்னும் படிக்காத பகுதி. உறுதி என்று குறித்துப் பிழைத்தவையே முதலில் கவனிக்க வேண்டியவை, ஏனெனில் தெரியும் என்று நினைப்பதை யாரும் திரும்பப் படிப்பதில்லை. இதில் ஆறுதலான ஒரு செய்தியும் இருக்கிறது. உறுதியோடு விட்ட பிழை, சரியான விடை காட்டப்பட்டதும், அரைகுறை நம்பிக்கையோடு விட்ட பிழையைவிட நன்றாகத் திருந்துகிறது என்று பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் ஆகியோரின் 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. “அட, இதுவா!” என்ற வியப்பு நினைவில் ஒட்டிக்கொள்கிறது போலும்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மருத்துவ மாணவர்களுக்கு இவ்வாறான ஒரு முறை நீண்ட காலம் பயன்பட்டது. மிக உறுதியாகச் சொன்ன சரியான விடைக்கு 3 புள்ளி. அதே உறுதியோடு பிழைத்தால் 6 புள்ளி கழிக்கப்படும். மருந்தின் அளவைத் தவறாக, ஆனால் உறுதியாக அறிந்திருக்கும் வைத்தியர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதை நினைத்தால் இந்தக் கடுமை விளங்கும். நமது பிள்ளைகளுக்குக் கழித்தல் புள்ளி தேவையில்லை. குறித்துப் பார்க்கும் பழக்கமே போதும்.

எப்போது, எத்தனை

நாற்பது வினாக்களை ஒரே நாளில் கொடுப்பது பரீட்சை வேலை. சுயகணிப்பீட்டுக்கு ஐந்து முதல் ஏழு வரை போதுமானது. பாடம் முடிந்த அன்று ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை என்று இடைவெளி விட வேண்டும். அடுத்த வாரத் தொகுதியில் புதிய பாடத்தின் வினாக்களோடு பழைய பாடத்தின் இரண்டு வினாக்களைக் கலந்துவிடலாம். அவற்றை அதே சொற்களில் கேட்கக் கூடாது. ‘வந்து பார்த்தான்’ என்பதற்குப் பதிலாக ‘நின்று பேசினாள்’ என்று கேட்டால், விதியை விளங்கியவரும் விடையை மனனம் செய்தவரும் வேறுபடுவர்.

கருவிகளும் நமது சூழலும்

மூடில் என்ற கற்றல் முகாமைத் தளம் 2002இல் வெளிவந்தது. நமது பல்கலைக்கழகங்கள் அதைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு தெரிவுக்கும் தனித்தனிப் பின்னூட்டல் எழுதலாம். மீள முயற்சிக்கவும் விடலாம். பாடசாலை ஆசிரியர் கைக்கு எட்டுவது கூகுள் ஃபோம். அதன் அமைப்புப் பகுதியில் வினாவிடை நிலையை இயக்கி, பெறுபேறு உடனே தெரியும்படி வைக்க வேண்டும். சரியான விடைக்கு ஒன்றும் பிழையான விடைக்கு ஒன்றுமாக இரண்டு பின்னூட்டல்களே அதில் எழுதலாம். தெரிவுக்கு ஒரு விளக்கம் வேண்டுமானால், விடைக்கேற்ப வேறு பகுதிக்கு அனுப்பும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். குரோடரின் புத்தகம் செய்த அதே வேலைதான்.

தமிழில் வினா ஆக்குவோர் சில விடயங்களைக் கவனத்திற் கொள்ள வேண்டும். நம்மிடமுள்ள பழைய வினாத்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே பிரதிசெய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யுனிகோடுக்கு மாற்றிய பின்பே பயன்படுத்த வேண்டும். மாற்றிய பின்னும் ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது, ஏனெனில் எழுத்துப் பிழை பற்றிய வினாவிலேயே எழுத்துப் பிழை வந்துவிடும். ஒரு சொல்லில் விடை எழுதும் வினாக்களில் கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ‘உமறுப்புலவர்’ என்பதை இடம்விட்டு ‘உமறுப் புலவர்’ என்று எழுதினால் பிழை என்று சொல்லிவிடலாம். ஏற்கத்தக்க வடிவங்கள் எல்லாவற்றையும் விடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். அல்லது அத்தகைய வினாக்களை விட்டுவிட வேண்டும். சரியாக எழுதிய பிள்ளையிடம் பிழை என்று சொல்லும் கருவி, அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் நம்பப்படாது.

வட்ஸ்அப் குழுவின் வாக்கெடுப்பு வசதியை இதற்குப் பயன்படுத்துவோரும் உண்டு. யார் எந்த விடையைத் தொட்டார் என்பது குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால், நான் அதைத் தவிர்க்கிறேன். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் தொட்ட விடையைத்தான் மற்றவர்களும் தொடுவார்கள்.

எல்லா வீட்டிலும் பிள்ளைக்கொரு தொலைபேசி இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று, அதுவும் வாப்பா தொழிலால் வந்த பிறகு என்ற நிலை நம்மில் பலருக்கு உண்டு. ஒரு மணித்தியாலக் காணொளிக்குச் செலவாகும் டேட்டாவோடு ஒப்பிட்டால் ஏழு வினாக்கள் கொண்ட படிவம் மிக இலேசானது. அதற்கும் வழியில்லாதவர்களுக்குத் தாளே போதும். முன்பக்கத்தில் வினா, பின்பக்கத்தில் “1 என்று விடை எழுதினால் இதை வாசியுங்கள், 2 என்றால் இதை வாசியுங்கள்” என்று விளக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம். சுயகணிப்பீடு இணையத்துக்குள் அடைபட்ட ஒன்றல்ல.

“எத்தின மார்க்ஸ் எடுத்த மகன்?”

இம்முறைக்கு வரும் பெரிய தடை தொழில்நுட்பத்திலிருந்து வருவதில்லை. வீட்டிலிருந்து வருகிறது, பாடசாலையிலிருந்தும் வருகிறது. பிள்ளை படிவத்தைச் செய்து முடித்ததும் உம்மா கேட்கும் முதல் கேள்வி, எத்தனை புள்ளி என்பதே. பத்துக்கு மூன்று என்றால் முகம் மாறும். அடுத்த தடவை அந்தப் பிள்ளை, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பத்துக்குப் பத்து எடுக்கும். உம்மாவுக்கும் சந்தோஷம், பிள்ளைக்கும் சந்தோஷம். ஆனால் வினா தன் வேலையைச் செய்யவில்லை. ஆசிரியர் புள்ளிப் பட்டியலைக் குழுவில் போட்டாலும் இதுவே நடக்கும். அப்போது கீழே நிற்கும் பிள்ளைகள் விடையைப் பிரதிசெய்யக்கூட முயல மாட்டார்கள்; மெல்ல விலகிவிடுவார்கள். இணையவழி வகுப்பில் விலகுவது எவ்வளவு இலகு! கதவைத் திறந்து வெளியே போகத் தேவையில்லை, பெயரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம்.

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே நினைவுகூரத்தக்கது. ஒரு பிரிவு மாணவருக்கு அவர்களின் வேலை பற்றிய குறிப்புரை மட்டும் கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்குப் புள்ளி மட்டும். மூன்றாவது பிரிவுக்குப் புள்ளியும் குறிப்புரையும். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் அடுத்த வேலையின் தரத்திலும் முன்னேறினர். இரண்டையும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தனர். புள்ளியைக் கண்ட கண் குறிப்புரைக்குப் போகவில்லை.

ஆகவே என் வகுப்பில் இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். படிவத்தில் பெயர் எழுதத் தேவையில்லை; பிள்ளை தானே தெரிவுசெய்த ஓர் இரகசிய இலக்கத்தை எழுதினால் போதும். இரண்டாவது, எந்தப் புள்ளியும் குழுவுக்கு வராது. எந்த வினா எல்லோரையும் தடுமாற வைத்தது என்பது மட்டும் வரும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு உம்மா, “பரீட்சைக்கு மார்க்ஸ் சேராட்டி இத ஏன் சேர் செய்யோணும்?” என்று நேராகவே கேட்டார். சோறு சமைக்கும்போது உப்புப் பார்ப்பது விருந்தாளிக்குப் பரிமாறுவதற்கு முன்னால்தானே என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கியது. வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லிக் கொடுத்தேன்: “எத்தின எடுத்த?” என்பதை விட்டுவிட்டு, “எது புதிசா வெளங்கிச்சு?” என்று கேளுங்கள்.

விடைகளின் தொகுப்பு ஆசிரியருக்கும் பயன்படும். முப்பத்தைந்து பேரில் இருபத்தைந்து பேர் ஒரே பிழையான விடையைத் தெரிந்திருந்தால், அந்தப் பாடத்தை வேறு வழியில் மறுபடி படிப்பிக்க வேண்டும். அல்லது வினாவின் சொல்லமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

வினாவால் முடியாதவை

தமிழ்ப் பாடத்தில் பாதிக்கு மேற்பட்டவற்றை நான்கு தெரிவுகளுக்குள் அடக்க முடியாது. சித்திலெப்பையின் அஸன்பே சரித்திரம் 1885இல் வெளிவந்தது என்பதைக் கேட்கலாம். அந்த நாவலை வாசித்த பிள்ளைக்கு அதில் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்பதைத் தெரிவுகளாகத் தர முடியாது. கவிதை நயத்தல், கட்டுரை, கடிதம் ஆகியனவும் அவ்வாறே.

அவற்றுக்குச் சுயகணிப்பீட்டின் வேறு வடிவம் உண்டு. எழுதி முடித்த கட்டுரையைத் தானே பார்ப்பதற்கான சிறு பட்டியல்: ஒவ்வொரு பந்தியும் ஒரு கருத்தைப் பற்றியதா? எழுவாயும் பயனிலையும் எண்ணிலும் பாலிலும் பொருந்துகின்றனவா? உதாரணம் என் அனுபவத்திலிருந்து வந்ததா, வழிகாட்டி நூலிலிருந்து வந்ததா? ஒரு நாள் கழித்து வாய்விட்டு வாசித்தேனா? இத்தகைய பட்டியலோடு, நல்ல கட்டுரை ஒன்றையும் சுமாரான கட்டுரை ஒன்றையும் அருகருகே கொடுத்து ஒப்பிடச் செய்வதும் பயனுடையது. நல்லது எப்படி இருக்கும் என்று அறியாதவரால் தம் எழுத்தின் குறையைக் காண முடியாது. ஒரு துறையில் மிகக் குறைந்த திறனுடையோரே தம்மை மிக அதிகமாக மதிப்பிட்டுக்கொண்டனர் என்று குரூகர், டனிங் ஆகியோர் 1999இல் எடுத்துக்காட்டியதும் இதனையே உணர்த்துகிறது. ஆகவே சுயகணிப்பீடு ஆசிரியரை விலக்கிவிடாது. எதை நல்லது என்கிறோம் என்பதைப் பிள்ளைக்குக் காட்டும் பொறுப்பு ஆசிரியரிடமே இருக்கிறது.

இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் யோசனை சிறியது. இந்த வாரம் திருத்திய கொப்பிகளில் அடிக்கடி வந்த ஐந்து பிழைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினா எழுதுங்கள். வினா எழுத எடுத்த நேரத்தைப்போல மூன்று மடங்கு நேரத்தைப் பிழையான விடைகளின் விளக்கத்துக்குச் செலவிடுங்கள். புள்ளி போடாமல் அனுப்புங்கள். அடுத்த வாரம் அதே விதியை வேறு சொற்களில் கேளுங்கள். முதல் சில தடவை பிள்ளைகள் புள்ளி எங்கே என்று தேடுவார்கள். தேடட்டும். அது கிடைக்காதபோது, தாம் எழுதிய விடையையே திரும்பிப் பார்க்கத் தொடங்குவார்கள்.